செங்கல் சிவப்புக்கு அடியில்

ஜூலை 1, செவ்வாய்

கடைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு பக்கம் எழுதி வைப்பது பதினொரு வருஷப் பழக்கம். எந்த நிற ஃபிலிம் ஒட்டினோம், எவ்வளவு சூடு காட்டினோம், எந்த மூலையில் திணறினோம் என்று குறித்து வைத்தால் அடுத்த வண்டிக்கு உதவும். இந்த வண்டிக்கு இரண்டு பக்கம் போதாது. தேதி போட்டே எழுதுகிறேன்.

காலையில் மீனலோசனி அம்மா வண்டியைக் கொண்டுவந்தார். வயது அறுபத்தொன்று. கணக்கு டீச்சராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். வண்டி அவர் கணவர் கிருபாகரன் சாருடையது. இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி வைத்திருந்தவர், சென்ற ஆவணியில் மாரடைப்பில் போய்விட்டார். கோயம்புத்தூரில் கார் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இந்த வண்டியைத் தெரியும். இரண்டு கதவு வைத்த ஜெர்மன் கார். ஆறு வருஷம் செலவழித்துத் தன் கையாலேயே மாற்றியிருக்கிறார். சக்கரத்துக்கு மேலே உள்ள ஃபெண்டர்களை அகலப்படுத்தி, உடம்பைத் தாழ்த்தி, கறுப்பென்று சொல்லும்படியான கரும்பச்சை அடித்து, இருபுறமும் முன்னிருந்து பின் வரை தங்க நிறத்தில் ஒற்றைக் கோடு போட்டிருக்கிறார். பிரஷ்ஷால், கையால். பென்சில் கோட்டை விட மெல்லியது. எங்கும் ஒரு மயிரிழை பிசகவில்லை. நான் குனிந்து முழு நீளமும் பார்த்தேன்.

பெயின்ட்டுக்கு மேலே ஃபிலிம் ஒட்டி நிறத்தை மாற்றுவதுதான் எங்கள் தொழில். வேண்டாமென்றால் சில வருஷம் கழித்து உரித்துவிடலாம், அடியில் பழைய நிறம் அப்படியே இருக்கும். அதற்காகத்தான் அம்மா என்னிடம் வந்திருக்கிறார். கணவர் இருந்தவரை இந்த வண்டியின் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லையாம். அவர் போன பிறகு எட்டு மாதம் பயிற்சிப் பள்ளிக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

“வண்டி போறப்ப ரோட்ல இருக்கறவங்க கிருபா சார் வண்டின்னு கும்பிடறாங்க. உள்ள உக்காந்து ஓட்டறது நான்னு யாருமே பாக்கறதில்ல” என்றார்.

கைப்பையிலிருந்து உடைந்த சீமை ஓடு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். அவர் முப்பது வருஷம் பாடம் நடத்திய பள்ளிக் கட்டிடத்தை இடித்தபோது எடுத்து வைத்ததாம். அந்த நிறம் வேண்டும், பளபளப்பு கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் நிறம் மாற்ற அனுமதியும் வாங்கிவிட்டார்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “அழிக்க வேண்டாம். மூடினாப் போதும். உள்ள அவரு போட்டது அப்படியே இருக்கணும்.”

என் கத்தி பெயின்ட்டைத் தொடாது என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜூலை 2, புதன்

கழுவித் துடைத்தோம். கைப்பிடி, விளக்கு, சின்னம் எல்லாவற்றையும் பென்னி அண்ணன் கழற்றினார். கழற்றுவதும் பூட்டுவதும் அவர், ஒட்டுவதும் வெட்டுவதும் நான். கணபதியில் கடை போட்ட நாளிலிருந்து இப்படித்தான். ஒவ்வொரு பொருளையும் தனித்தனிக் கவரில் போட்டுத் தருவார், நான் மேலே பெயர் எழுதுவேன். இன்று கவரைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகிறது என்றார்.

பேனா சரியில்லை. வேறு வாங்க வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

ஃபிலிம் வந்தது. ‘செங்கல் சிவப்பு’ என்று பெயர். ஓட்டுத் துண்டை மேலே வைத்துப் பார்த்தால் எங்கே ஓடு முடிகிறது என்று தெரியவில்லை. அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். சரி என்று மட்டும் பதில் வந்தது.

தென்மேற்குக் காற்று பேயாக அடிக்கிறது. ஷட்டரின் அடியில் ஈரச் சாக்கைத் திணித்தோம். ஒரு தூசி உள்ளே மாட்டினாலும் அம்மைக் கொப்புளம் போலத் துருத்தி நிற்கும்.

புதுப் பேனா. இதுவும் அப்படித்தான்.

ஜூலை 5, சனி

பானெட் முடிந்தது. ஃபிலிமை நான்கு மூலையிலும் இழுத்துப் பிடித்துக் காற்றில் மிதக்கவிட்டு, மெல்ல இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். பச்சை மறைந்து சிவப்பு வருவதைப் பார்க்க எனக்கு இன்றும் அலுப்பதில்லை.

ஒரு மூலையில் சூட்டுக் காற்று ஊதும் ஹீட் கன்னைக் கொஞ்சம் அதிக நேரம் காட்டிவிட்டேன் போல. ஃபிலிம் கருகுது திலகா, வாடை வரலையா என்று கடையின் அந்தக் கோடியிலிருந்து பென்னி அண்ணன் ஓடி வந்தார். எனக்கு வரவில்லை. ஜலதோஷம். அந்த மூலையை வெட்டியெடுத்து வேறு போட்டோம்.

ஜூலை 7, திங்கள்

வேலை செய்ய முடியவில்லை. வலது தோளில் பிடிப்பு. தலையணை மாற்ற வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

அம்மா பார்க்க வந்தார். நாற்காலி போட்டுக் கொடுத்தோம். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பாதி சிவப்பும் பாதி பச்சையுமாக நின்ற வண்டியைப் பார்க்க அவருக்கு எப்படி இருந்ததோ, கேட்கவில்லை.

அந்தக் கோட்டைப் பற்றிக் கேட்டேன். இப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை என்றேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். அவர் கதவருகே வந்து, கோட்டைத் தொடாமல் அதன் கூடவே விரலைக் கொண்டுபோனார். கணவர் போடும்போது விளக்குப் பிடித்தது தான்தான் என்றார். மூச்சு சத்தமாக விடக்கூடாதாம்.

டீ கொண்டுவந்து கொடுத்தேன். சாசரில் கொட்டியிருந்தது. டீக்கடைப் பையன் தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்திருக்கிறான்.

ஜூலை 9, புதன்

பென்னி அண்ணனோடு வாக்குவாதம்.

பின்பக்க ஃபெண்டர் இரண்டையும் கிருபாகரன் சார் ஒரு சாணுக்கு மேல் அகலப்படுத்தியிருக்கிறார். அந்த வளைவை ஒரே துண்டால் மூட முடியாது. இரண்டு துண்டு போட்டு, அவை சேரும் இடத்தை வண்டியின் மேலேயே வைத்து வெட்ட வேண்டும். ஃபிலிம் மட்டும் அறுபட வேண்டும், அடியில் பெயின்ட்டுக்குத் தெரியக்கூடாது. அதற்கு நூல் டேப் என்று ஒன்று இருக்கிறது. முதலில் அதை ஒட்டி, மேலே ஃபிலிமைப் போர்த்தி, டேப்புக்குள் இருக்கும் நூலை இழுத்தால் நூலே ஃபிலிமை அறுத்துக்கொண்டு வரும். கத்தியே வேண்டாம். இந்த வண்டிக்கு அதைப் போடுவோம் என்றார் அண்ணன்.

கத்தி பிடிக்கத் தெரியாதவர்களுக்குத்தான் அது என்றேன். வேண்டுமென்றே கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அவர் ஸ்பேனரைத் துடைக்கப் போய்விட்டார்.

ஜூலை 10, வியாழன்

கூரை முடிந்தது. வலப்பக்கக் கதவு, வலப்பக்க ஃபெண்டர் முடிந்தது. கத்தியால்தான் வெட்டினேன். குறை இல்லை. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது லோகு என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர். நேரில் மாமா என்றுதான் கூப்பிடுவேன், எழுத்தில்தான் பேர். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் கையைப் பிடித்து உட்காருகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. என்ன புதுசா என்றேன். சும்மாதான் என்றார். நாடகம் முடியும் வரை விடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

இடப்பக்கப் பின் ஃபெண்டர் முடிந்தது.

ஜூலை 12, சனி

நேற்று எழுதியது முழுதில்லை.

பென்னி அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். இரண்டு துண்டையும் போர்த்திவிட்டு வெட்டத் தொடங்கினேன். கோடு போகும் இடத்தைத் தாண்டும்போது கை ஒரு குதி குதித்தது. யாரோ முழங்கையைத் தட்டிவிட்டது போல. திரும்பிக்கூடப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஃபிலிமை விலக்கினேன். நான்கு விரல் நீளத்துக்கு வெட்டு. பெயின்ட்டைக் கிழித்து, அடியில் சாம்பல் நிறப் பூச்சு தெரிந்தது. தங்கக் கோட்டைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போயிருந்தது. ஒரு பக்கம் கோடு, நடுவில் இடைவெளி, மறுபடியும் கோடு.

அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தெருவில் அண்ணனின் வண்டிச் சத்தம் கேட்டதும் ஃபிலிமை மேலே இழுத்துத் தேய்த்துவிட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. சேரும் இடம் எதுவென்று என் கண்ணுக்கே தெரியவில்லை. அண்ணன் பார்த்துவிட்டு, நல்லா வந்திருக்கு என்றார்.

வியர்வையில் கத்தி வழுக்கியிருக்க வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

கடை விடுமுறை. லோகு கறி எடுத்து வந்தார். சமைத்தேன், சாப்பிட்டோம்.

அந்த ஃபிலிம் ஐந்து வருஷம் தாங்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஏழு. அதற்குப் பிறகு உரிப்பார்களோ மாட்டார்களோ. உரித்தாலும் வேறு எங்காவது உரிப்பார்கள். அப்போது யார் செய்தது என்று எப்படித் தெரியும்? உரித்தவன் தலையில்தான் விழும். காலையிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பத்தொன்பது வயதில் காந்திபுரத்தில் ஒரு ஸ்டிக்கர் கடையில் சேர்ந்தேன். லாரிக்கும் ஆட்டோவுக்கும் எழுத்து வெட்டும் வேலை. பிறகு கார். முதன்முதலாக வந்த கார்க்காரர், ஒரு பொம்பளை கத்தியோடு தன் வண்டியருகே நிற்பதைப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கேட்டார். நான் செய்தித்தாள் இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக மேஜையில் விரித்து, மேல்தாளை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினேன். கீழ்த்தாளில் கீறல்கூட இல்லை. அவர் சாவியை வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து யார் சந்தேகப்பட்டாலும் அதைத்தான் செய்து காட்டுவேன்.

மத்தியானம் வீட்டு மேஜையில் இரண்டு தாளை விரித்தேன். பத்து முறை வெட்டினேன். கீழ்த்தாள் ஏழு முறை கிழிந்தது.

லோகு கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை. விளக்குமாறு எடுத்துவந்து தாள் துண்டுகளைக் கூட்டினார். ஒரு டாக்டரைப் பார்க்கலாமா என்றார். எனக்கு ஒன்றுமில்லை, உங்கள் வேலையைப் பாருங்கள் என்று எரிந்து விழுந்தேன்.

ஜூலை 14, திங்கள்

காலையில் பென்னி அண்ணன் வந்ததும், அவர் எதிரிலேயே இடப்பக்க ஃபெண்டரின் ஃபிலிமைச் சூடு காட்டி உரித்தேன். என்ன செய்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. வெட்டு தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

“என் கை சரியில்லைங்கண்ணா” என்றேன். இதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

“தெரியும் திலகா.”

“எப்பருந்து?”

“பொங்கலுக்கு முன்னாடி இருந்தே. நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது. தெரிந்தும் ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. கடை உன்னுது, கத்தி உன்னுது, பதினொரு வருஷமா இந்தக் கையிலதான் ரெண்டு குடும்பம் சாப்பிடுது, அதைப் பார்த்து ஆடுதுன்னு எப்படிச் சொல்றது என்றார். கண் கலங்கியிருந்தது. நூல் டேப்பைப் பற்றி அன்று அவர் பேசியது என் கைக்காகத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

அம்மாவுக்குப் போன் செய்து, நேரில் வந்து ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றேன். என்னவென்று கேட்டார். வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். நாளை வருகிறார்.

ஜூலை 15, செவ்வாய்

நான் எதுவும் சொல்வதற்கு முன் அவரே பார்த்துவிட்டார். மூன்று பக்கமும் சிவப்பாக மூடியிருந்த வண்டியில் அந்த ஒரு இடம்தான் பச்சை.

கிட்டே போய்க் குனிந்தார். வெட்டின் மேல் விரலை வைத்தார். அன்று கோட்டைத் தொடாமல் போன அதே விரல்.

என் கை நடுங்குகிறது, ரொம்ப நாளாக நடுங்குகிறது, தெரிந்தே கத்தி எடுத்தேன் என்று சொன்னேன். வியர்வை, பேனா, ஜலதோஷம் எதையும் சொல்லவில்லை.

“எப்ப ஆச்சு?” என்றார்.

“வெள்ளிக்கிழமைங்கம்மா.”

“இன்னிக்கு செவ்வாய்.”

“மூடி வெச்சுட்டேன். நேத்துதான் எடுத்தேன்.”

“கணக்கு டீச்சர் நான். நாலு நாள்” என்றார். “வெட்டினது கை தவறி. மூடினது கை தவறி இல்ல.”



வண்டியைத் தொட வேண்டாம், நானே சொல்லி அனுப்புகிறேன் என்று கிளம்பினார். ஆட்டோ வரும் வரை மழையிலேயே நின்றார். பென்னி அண்ணன் குடையைக் கொண்டுபோய் நீட்டினார். வாங்கிக்கொள்ளவில்லை.

ஜூலை 16, புதன்

அம்மாவிடமிருந்து எதுவும் வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் தேதி. ஆடியில் யாரும் புது வேலை கொடுக்க மாட்டார்கள், கடை காற்றாடும். காலையில் லோகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். நரம்பு டாக்டரிடம் போனோம். லோகு என் பெயரைப் பதிந்து வாங்கியிருந்த சீட்டில் தேதி பத்து நாளுக்கு முன்னாலேயே போட்டிருந்தது. நான் வருவேன் என்று நாளைத் தள்ளித் தள்ளி வாங்கி வைத்திருக்கிறார்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை நான்கு தட்டுக்குள் சோர்ந்து சுருங்கியது. வராந்தாவில் நடக்கச் சொன்னார். திரும்பி வந்ததும், நடக்கையில் வலது கை வீசவே இல்லை என்றார். ஒரு வரி எழுதச் சொன்னார். முதலில் நினைவுக்கு வந்த அம்மாவின் கார் நம்பரை எழுதினேன், பாதிக்கு மேல் எனக்கே படிக்க முடியவில்லை. வாசனை தெரிகிறதா என்று கேட்டார். இரண்டு வருஷமாகச் சரியாக இல்லை, காய்ச்சல் வந்த பிறகு அப்படி என்றேன்.

நடுக்கம் எப்போதிலிருந்து என்றார். இந்த மாதம்தான் என்று வாயெடுத்தேன்.

“போன ஐப்பசிலிருந்துங்க டாக்டர்” என்றார் லோகு. “தீபாவளிக்கு முறுக்குப் பிழியறப்ப அச்சை அழுத்த முடியாம வெச்சுட்டா.”

பார்க்கின்சன். தமிழில் நடுக்குவாதம் என்கிறார்கள். நாற்பத்து மூன்று வயதில் வருமா என்று கேட்டேன். குறைவு, ஆனால் வரும் என்றார். முற்றிலும் குணமாகாது. மாத்திரையால் பல வருஷம் சமாளிக்கலாம். ஒரு நாளில் சில நேரம் கை நன்றாக இருக்கும், சில நேரம் இருக்காது. கத்தி வேலை என்றதும் கொஞ்சம் யோசித்தார். பிறகு, கத்தியை வேறு யாரிடமாவது கொடுக்கப் பாருங்கள் என்றார்.

வண்டி நிறுத்துமிடத்தில் லோகுவைக் கேட்டேன், இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை என்று.

“சொன்னா நீ கத்திய விடணும்” என்றார். “அதை விட்டுட்டு நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல திலகா. அதான் சொல்லல.”

சாவியைப் போட முடியாமல் இரண்டு மூன்று முறை தடவினார். வீடு வரும் வரை அவர் முதுகில் தலை சாய்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 19, சனி

மத்தியானம் அம்மா வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் சொன்னதை நான் முதலில் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார், ஐயோ பாவம் என்கிற முகம் எதுவும் காட்டவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது.

பிறகு அவர் பேசினார். நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார். வலப்பக்கக் கோட்டைக் கிருபாகரன் சார் ஒருமுறை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாராம். முதல்முறை போட்டபோது மூன்று மணி நேரமாக விளக்குப் பிடித்திருந்த அம்மாவின் கை தளர்ந்து ஆடியிருக்கிறது. வெளிச்சம் நகர்ந்தது, பிரஷ் பிசகியது.

“நாலு மாசம் எங்கூடப் பேசல” என்றார். “ஒரே வீடு. சோறு போடுவேன், சாப்பிட்டுட்டுப் போவாரு. ஸ்கூல்ல பிள்ளைங்ககிட்டப் பேசறதுதான் நான் பேசினது. கெட்டவரு இல்ல. அந்தக் கோடு அவ்வளவு முக்கியம் அவருக்கு.”

ஓரமாக வேலை செய்துகொண்டிருந்த பென்னி அண்ணன் கையை நிறுத்திவிட்டார்.

“செவ்வாக்கிழமை இங்கருந்து போனதுலருந்து நானும் யார்கிட்டயும் பேசல. வேலைக்கு வர்ற பொண்ணு ரெண்டு தடவை கேட்டுட்டா, என் மேல கோவமாம்மான்னு. இன்னிக்குக் காலைல மறுபடியும் கேட்டா. அவளுக்குப் பதில் சொல்ல வாயத் தொறக்கறேன், சத்தம் வரல. அப்பத்தான் உறைச்சுது, யாரு மாதிரி இருக்கேன்னு.”

அம்மா கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டார்.

“மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல திலகா. கோவம் இருக்கு. ரொம்ப நாள் இருக்கும். ஆனா வேலைய நீங்கதான் முடிக்கணும்.”

வெட்டைச் சரிசெய்து, கோட்டை இழுத்துத் தரக்கூடிய பெயின்ட்டர் ஒருவர் திருப்பூரில் இருக்கிறார் என்றேன். என் செலவில் செய்து தருகிறேன் என்றேன். வேண்டாமென்றார். கணவர் போட்ட கோட்டின் மேல் இன்னொருவர் பிரஷ் படக்கூடாது. அப்படியே மூடச் சொன்னார்.

ஜூலை 21, திங்கள்

ஒன்பது மணிக்கு அம்மா வந்துவிட்டார். நூல் டேப்பை வளைவு பார்த்துப் பென்னி அண்ணன் ஒட்டினார். ஒட்டும்போது வெளிச்சம் போதவில்லை என்று பழக்க தோஷத்தில் அம்மாவைப் பார்த்து, விளக்கைக் கொஞ்சம் பிடிக்கறீங்களா என்று கேட்டுவிட்டார்.

“மாட்டேன்” என்றார் அம்மா. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அண்ணன் விளக்கை ஸ்டாண்டில் கட்டிக்கொண்டார்.

மூடுவதற்கு முன்பு ஒருமுறை பார்க்கிறீர்களா என்று கேட்டேன். தலையசைத்து மறுத்தார். ஃபிலிமைப் போர்த்தினோம். சூடு காட்டி, வளைவில் இழுத்து, நான் தேய்த்தேன். தேய்ப்பதற்குக் கை இன்னும் போதும். நூலை இழுக்கச் சொல்லி அண்ணன் நுனியை என்னிடம் தந்தார். அதற்கு அசையாத கை தேவையில்லை. ஒரே நிதானத்தில் இழுத்துக்கொண்டே வந்தால் போதும். முனையிலிருந்து முனை வரை இழுத்தேன். அண்ணன் மிச்சத்தை உரித்து எடுத்தார்.

சேரும் இடம் நேராக இருந்தது. கத்தி பிடிக்கத் தெரியாதவர்களுக்கு என்று நான் சொன்னதை அண்ணன் நினைவுபடுத்தவில்லை. நானே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். விடு, நம்மளுக்கும் வயசாச்சு என்றார்.

ஜூலை 24, வியாழன்

வண்டியைக் கொடுத்தோம். ஆடி அமாவாசை. பேரூர் ஆற்றங்கரைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர்களால் காலையிலிருந்து சாலை நிறைந்து கிடந்தது. இன்றைக்கு எடுக்கிறீர்களே என்று பென்னி அண்ணன் தயங்கினார். எனக்கு இன்றுதான் ஒழிந்தது என்றார் அம்மா.

ஓடும் வேகத்தில் எங்காவது ஓரம் தூக்குகிறதா என்று பார்க்கப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டு, சீட்டை முன்னால் தள்ளி, கியரைப் பார்த்துப் பார்த்து மாற்றி ஓட்டினார். அவிநாசி ரோட்டில் ஒரு பஸ் ஒலி எழுப்பியபோது திடுக்கிட்டார், ஆனால் ஒதுங்கவில்லை. லட்சுமி மில்ஸ் சிக்னலில் நின்றோம். யாரும் கும்பிடவில்லை. பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த பெண் வண்டியை மேலும் கீழும் பார்த்தாள், பிறகு கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா அழுதார். பச்சை விழுந்ததும் கண்ணைத் துடைக்காமலேயே வண்டியை எடுத்தார். எனக்குக் காரணம் தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. இன்னும் பத்து நாளில் பழகும் என்றிருக்கிறார் டாக்டர்.

ஒரு வெள்ளை வண்டிக்காரர் வந்து நீங்கள்தானே வெட்டுவீர்கள் என்று கேட்டார். இல்லை, என் கையில் நடுக்கம் இருக்கிறது, நூலால்தான் வெட்டுகிறோம், பென்னி அண்ணன் செய்வார், நான் கூட நிற்பேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் வரவில்லை. அடுத்து வந்தவர், வண்டி நன்றாக வந்தால் சரி என்று சாவியைக் கொடுத்தார்.

மேஜை டிராயரில் இருந்த கத்திகளை எடுத்து அண்ணன் பெட்டியில் போட்டேன். போட்டுவிட்டு வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிட்டேன். லோகு காபி போட்டுக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

அம்மா கோத்தகிரியிலிருந்து போன் செய்தார். தனியாக ஓட்டிக்கொண்டு மலையேறியிருக்கிறார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டே போனாராம். டீக்கடையில் வண்டி யாருடையது என்று கேட்டார்களாம், என்னுடையது என்றாராம்.

பிறகு, இடப்பக்கக் கதவின் அடியில் ஒரு விரல் அளவு ஃபிலிம் தூக்கிக்கொண்டிருக்கிறது, மழை ஈரமாக இருக்கலாம் என்றார். வேறு கடை எதற்கும் போக அவருக்கு மனமில்லை போலும், நேராக என்னிடம்தான் கேட்டார்.

“எப்பக் கொண்டு வரட்டும்?”

நாளைக்குக் காலை பத்து மணிக்கு வரச் சொன்னேன். ஒன்பதுக்கு மாத்திரை போட்டால் பத்துக்குக் கை என் பேச்சைக் கேட்கும்.